நான் மிதித்த பாட்டு

மகள் தானாகவே பழகிக் கணினியில் பாட்டுக் கட்டுகிறாள். "அம்மா, வேகத்தைக் கூட்டட்டே?" என்று ஒரு பொத்தானைத் தட்டினாள். என் சின்ன வயதில் எங்கள் வீட்டில் அந்தப் பொத்தான் நான்தான்.

அப்போது சண்டைக்காலம், எங்கள் ஊர் கோப்பாயில் கரண்ட் இல்லை. ஸ்ராண்டில் நிறுத்திய சைக்கிளின் டைனமோவில் ரேப் ரெக்கோடரைக் கொழுவி வைத்திருந்தார் அண்ணை. அம்மா உரலில் மா இடிக்கிற சத்தம்தான் தாளம். அண்ணை பாடிக் கசற்றில் பதிவார், கரண்ட் வர நான் மிதிப்பேன்.

"பக்கத்து வீட்டுக் கலியாணத்திலை இந்தக் கசற்றைப் போடப்போறன்" என்றார் அண்ணை.

"சனம் சிரிச்சுதெண்டால் ரெக்கோடரை வித்துப்போடுவன்" என்றார் ஐயா, எங்கள் அப்பா.

கலியாணவீட்டில் ஜெனரேட்டர் ஓடியது. நான் களைத்து மெதுவாக மிதித்தபோது பதிந்ததெல்லாம் அதன் முழுக் கரண்டில் விறுவிறென்று ஓடும் என்று எங்களுக்கு எங்கே தெரியும்? அண்ணையின் குரல் அணில் மாதிரிக் கீச்சிட்டது. பாட்டுக்கு நடுவில், "நிப்பாட்டாமல் மிதியடி, மூதேசி!" என்று அவர் என்னை ஏசியதும் கேட்டது.

பந்தலே சிரித்தது. நான் அம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒளிந்தேன். அண்ணை பயந்துபோய் ஐயாவைப் பார்த்தார்.

ஐயா சால்வையால் கண்ணைத் துடைத்தார். சிரித்துச் சிரித்து வந்த கண்ணீர்.

"டேய், உந்தப் பாட்டை முதலிலையிருந்து போடடா."