பன்னிரண்டாவது வளைவு

ஒருவர் வீட்டில் ஆறு வாள்கள் இருப்பதைக் கண்ட பின்னும் பேசாமல் இருப்பது குற்றமா? வாள்வெட்டுச் செய்திகள் ஓயாத யாழ்ப்பாணத்தில், வீட்டுக் கணக்கெடுப்புக்காகக் கோப்பாய்க்குச் சென்ற என்னை இக்கேள்வி மறித்தது.

வீட்டுக்காரர் ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியர், மெலிந்தவர். மலாயாவிலும் ஜாவாவிலும் செய்யப்பட்ட, பாம்புபோல் வளைந்த கிரிஸ் வாள்களைச் சேர்ப்பவர். துருப் போக அவற்றுக்குத் தேசிக்காய்ச் சாறு தேய்ப்பதற்கென்றே சட்டைப்பையில் ஒரு பல்துலக்கி வைத்திருந்தார்.

“சேர், பொலிஸ் கண்டால் பிழையாய் விளங்கும். நாங்களே பட்டியல் எழுதிக் குடுப்பம்.”

“ஓம் தம்பி, வளைவையும் எண்ணி எழுதும். அசல் கிரிஸுக்கு ஒற்றைப்படையிலைதான் வரும்.”

முதல் ஐந்தும் அப்படியே வந்தன. ஆறாவதில் பன்னிரண்டு. அவர் கண்ணாடியைத் துடைத்து மும்முறை எண்ணினார்.

“பதின்மூண்டெண்டு போடும்.”

“பொய் எழுதினால் உங்களை உள்ளை போடுவாங்கள், சேர்.”

“போடட்டும். கள்ளச் சாமானுக்கு ஏமாந்த விசரன் எண்டு பேர் வரக்கூடாது.”

விளைவுகளை எண்ணிப் பார்த்து, பன்னிரண்டு என்றே எழுதிப் பொலிஸில் கொடுத்தேன். வீட்டுக்கு வந்த அதிகாரி வளைவுகளைப் பார்க்கவேயில்லை. பட்டியலைப் பதிந்துகொண்டு, வாள்களை அவரிடமே விட்டுவிட்டார். ஆசிரியர் மட்டும் ஒரு மாதம் என்னுடன் கதைக்கவில்லை.

இப்போது அவருடைய அலுமாரியில் ஐந்து வாள்களே இருக்கின்றன. ஆறாவது குசினியில் இளநீருக்குத் துளையிடுகிறது. நான் போகும்போதெல்லாம் எனக்கும் ஒன்று கிடைக்கிறது.