கணவனுக்கும் ஒரு பரீட்சை

அந்த வட்டாரத்தில் கார் ஓட்டுகிறவர்களில் பாதிப் பேர் அவரிடம் கற்றவர்கள். 'மெதுவா மாஸ்டர்' என்றால்தான் அவரை எல்லோருக்கும் தெரியும். கற்க வந்தவர் நத்தை மாதிரி ஊர்ந்தாலும் பக்கத்து இருக்கையிலிருந்து, "மெதுவா, மெதுவா" என்பார். பயிற்சி வண்டியில் அவர் பக்கமும் ஒரு பிரேக் உண்டு. அதை மிதித்து மிதித்துப் பழகிய கால், பேருந்தில் போகும்போதும் தானாகத் தரையை அழுத்தும். அந்த இடத்தில் யாருடைய கால் விரலாவது இருந்துவிட்டால் போச்சு.

அவர் மனைவி மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவர். நாற்பது வயதைத் தாண்டிய பிறகு அவருக்கு மேற்படிப்பு ஆசை வந்தது. உடம்பின் உள்ளே படம் பிடிக்கும் புதுக் கருவிகளைப் பற்றி வெளிநாட்டில் இரண்டு வருடப் படிப்பு ஒன்று இருந்தது. பிள்ளைகள் இல்லாத வீடு. கடைக்குப் போனாலும் கல்யாணத்துக்குப் போனாலும் இருவராகவே போய்ப் பழகியவர்கள்.

"நீ போனா நானும் வருவேன்" என்றார் மாஸ்டர்.

"அங்க வந்து என்ன பண்ணுவீங்க?"

"நீ படி. நான் சமைக்கிறேன்."

"உங்களுக்கு அடுப்பு எந்தப் பக்கம் இருக்குன்னாவது தெரியுமா?"

"கத்துக்கிட்டா போச்சு. ஸ்டியரிங்கைப் பார்த்தாலே கண்ணை மூடிக்கிற ஆளையெல்லாம் நான் ஓட்ட வெச்சிருக்கேன்."

பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. படிக்கப் போகிறவர் கணவனையோ மனைவியையோ உடன் அழைத்துக்கொண்டு போகலாம் என்று அந்த நாட்டின் விதி சொன்னது. மாஸ்டர் அதை வட்டாரம் முழுக்கச் சொன்னார். ஓட்டுநர் பள்ளியில் பிரிவு விழா நடத்தி, சக்கரம் வைத்த நீலப் பெட்டி ஒன்றைப் பரிசாகக் கொடுத்தார்கள். முதலாளி பேசும்போதே கண்ணைத் துடைத்துக்கொண்டார். மாஸ்டரின் வண்டியில் வேறொருவர் ஏறி உட்கார்ந்தார்.

அதற்குப் பிந்திய வாரத்தில் ஒரு காலை, மனைவியின் தங்கை கைப்பேசியை நீட்டியபடி வீட்டுக்குள் நுழைந்தாள். இரண்டு தெரு தள்ளி மருந்துக்கடை வைத்திருப்பவள். வெளிநாட்டுச் செய்திகளை முதலில் மோப்பம் பிடிப்பது அவள்தான்.

"அத்தான், கொஞ்சம் ஒக்காருங்க."

"நின்னுக்கிட்டே கேட்கிறேனே."

"வேணாம், ஒக்காருங்க."

விதி மாறிவிட்டது. ஆராய்ச்சிக்குப் போகிறவர்கள் மட்டுமே இனிக் குடும்பத்தைக் கூட்டிப் போகலாம். மற்ற மாணவர்கள் தனியாகத்தான் போக வேண்டும். மாஸ்டர் உட்கார்ந்தார். கால் தரையை அழுத்தியது.

அந்த மாதம் மாஸ்டர் தலை நிமிர்ந்து தெருவில் நடக்கவில்லை. "இன்னும் கிளம்பலையா?" என்ற கேள்விக்குப் பயந்து கொல்லைப்புற வழியாகப் போய் வந்தார். அங்கேயும் இஸ்திரி போடுகிறவர் ஒருவர் அதையே கேட்டார். வேறு வழியில்லாமல் முதலாளியிடம் போய் நின்றார்.

"போன மாசம்தானே கண்ணீரோட அனுப்பினேன்" என்றார் முதலாளி. "சரி, வாங்க. பெட்டியைத் திருப்பிக் கேட்க மாட்டேன்."

வீட்டில் மாஸ்டர் ஒரே பிடியாக நின்றார். "நீ போய்ப் படி. ரெண்டு வருஷம் கண்ணை மூடித் திறக்கிறதுக்குள்ள ஓடிடும்."

"உங்களுக்காக நான் யோசிக்கலைங்க" என்றார் மனைவி. "எனக்குப் புது ஆளுங்ககிட்ட பேச வராது. 'மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க.' நாள் முழுக்க நான் பேசுறது இவ்வளவுதான். கறிகாய்க்காரர்கிட்ட பேரம் பேசுறதுகூட நீங்கதானே. அங்க போய் ஊமை மாதிரி உட்கார்ந்திருப்பேன்."

இத்தனை வருடத்தில் அவர் இதைச் சொன்னதே இல்லை. மாஸ்டர் எழுந்து போய்த் தேநீர் போட்டுக் கொண்டுவந்தார். சர்க்கரைக்குப் பதில் உப்பு விழுந்திருந்தது. இருவரும் குடித்தார்கள்.

மறுநாளிலிருந்து மனைவி வேறு நாடுகளின் விதிகளைத் தேட ஆரம்பித்தார். ஒரு நாட்டில் அதே படிப்பு ஆங்கிலத்திலேயே இருந்தது. கணவனும் உடன் போகலாம். ஆனால் அந்தக் கணவன் அந்நாட்டு மொழியில் ஆரம்பநிலைப் பரீட்சை தேறியிருக்க வேண்டும்.

"நான் பத்தாவதுல கணக்குல கோட்டை விட்டவன்" என்றார் மாஸ்டர்.

"இது கணக்கு இல்ல அத்தான், மொழி" என்றாள் கொழுந்தியாள்.

"மொழியில அதைவிடக் கம்மி."

ஆனாலும் ஒரு மொழி வகுப்பில் சேர்ந்தார். அங்கே எல்லோருக்கும் இருபதை ஒட்டிய வயது. சொல்லிக்கொடுத்த பெண் அவர்களைவிடக் கொஞ்சம்தான் பெரியவள். அந்த மொழியில் பொருள்களுக்கெல்லாம் பால் உண்டாம். மேசை ஆண், கதவு பெண், கத்தி இரண்டும் இல்லை.

"டீச்சர், இதை எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

"கண்டுபிடிக்க முடியாது சார். மனப்பாடம்தான்."

"அப்ப மேசைக்கே தெரியாதா?"

வகுப்பு கொல்லென்று சிரித்தது. அன்று முதல் அந்தப் பிள்ளைகள் அவருக்கு இடம் பிடித்து வைத்தார்கள்.

பாடத்தை அவர் வண்டியில்தான் ஒப்பித்தார். இடது, வலது, நிறுத்து, மெதுவாக என்று எல்லாவற்றையும் அந்த மொழியிலேயே சொல்லத் தொடங்கினார். வங்கியில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவர் நொந்துபோனார். "மாஸ்டர், நம்ம பாஷையில இடதுன்னு சொன்னாலே என் கை வலது பக்கம் போகுது. நீங்க வேற ஏன் குட்டையைக் குழப்புறீங்க?" தையல் கடை வைத்திருந்த அம்மாள் மட்டும் கற்பூர புத்திக்காரர். உரிமத் தேர்வில் அதிகாரி "இடது பக்கம் திரும்புங்க" என்றதும், அந்நிய மொழியில் அதை ஒருமுறை உரக்கச் சொல்லிவிட்டு அழகாகத் திருப்பினார். "என்னம்மா மந்திரம் அது?" என்று அதிகாரி கேட்டதாகவும், உரிமம் கிடைத்ததாகவும் கேள்வி.

முதல் பரீட்சையில் மாஸ்டர் தேறவில்லை. 'நான் கார் ஓட்டுகிறேன்' என்று சொல்ல வேண்டிய இடத்தில் 'நான் ஒரு கார்' என்று சொல்லிவிட்டார். வீடு திரும்பும் வழியில், "மறுபடி எழுதலாம்" என்றார் மனைவி. "நீங்க சொல்லிக்கொடுத்தவங்க எல்லாரும் முதல் தடவையிலயா உரிமம் வாங்கினாங்க?"

இரண்டாம் முறை, ஓய்வு நேரத்தில் என்ன செய்வீர்கள் என்று கேட்டார்கள். பாடம் பண்ணியிருந்த பதில் மறந்துபோனது. குறுகிய சந்தில் வண்டியைப் பின்னால் எடுப்பது எப்படி என்று, தெரிந்த சொற்களையும் இரண்டு கைகளையும் வைத்து விளக்கினார். பரீட்சை நடத்தியவர் நாற்காலியைத் திருப்பி வைத்துக்கொண்டு கேட்டார். தேறிவிட்டது.

சான்றிதழ் வந்த வாரத்திலேயே கொழுந்தியாள் கைப்பேசியோடு வந்து நின்றாள். முகத்தில் சிரிப்பை அடக்கும் பாடு தெரிந்தது.

"அத்தான், ஒக்காருங்க."

"என்னம்மா, மறுபடியும் கதவை மூடிட்டாங்களா?"

"தெறந்துட்டாங்க. அடுத்த மாசத்துலேருந்து கூடப் போறவங்களுக்குப் பரீட்சை வேணாமாம்."

மாஸ்டர் சான்றிதழை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். மனைவிக்குச் சிரிப்பு வந்தது. வாயைப் பொத்தினார், நிற்கவில்லை. கண்ணில் நீர் வழிய, தங்கையின் தோளைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து மாஸ்டர் பார்த்ததில்லை.

"சிரிக்காத. ஆணா பெண்ணான்னு தெரியாத மேசையோட நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். இப்ப இந்தச் சான்றிதழை யார்கிட்ட காட்டுறது?"

விசா அலுவலகத்தில் காட்டினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருந்த பெண், "இது தேவையில்லை சார்" என்று திருப்பித் தள்ளினாள்.

"தெரியும்மா. இருந்துட்டுப் போகட்டும், வெச்சுக்கோங்க."

அவள் ஒரு கணம் அவரைப் பார்த்துவிட்டு மற்றத் தாள்களோடு சேர்த்து வைத்தாள். இருவருக்கும் விசா கிடைத்தது.

போன இடத்தில் படிப்புதான் ஆங்கிலம். கடை, பேருந்து, மாடிப்படி எல்லாம் அந்நாட்டு மொழி. மனைவி ஆரம்பத்தில் பல்கலைக்கழகம் விட்டால் வீடு என்றிருந்தார். மாஸ்டருக்கு ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் பொட்டலம் கட்டும் வேலை கிடைத்தது. இலக்கணம் கால்வாசி, கையசைவு முக்கால்வாசி என்று எல்லோரிடமும் பேசினார். ஒரு ஞாயிற்றுக்கிழமை உடன் வேலை செய்யும் மூவரைச் சாப்பிடக் கூட்டிவந்துவிட்டார். மனைவி சமையலறையை விட்டு நகரவில்லை. வந்தவர்களில் ஒரு பெண் மணிக்கட்டில் கட்டுப் போட்டிருந்தாள். "என் மனைவிக்கு எலும்பைப் பற்றித் தெரியும்" என்று மாஸ்டர் அரைகுறையாகச் சொல்லிவைக்க, அந்தப் பெண் கட்டுப் போட்ட கையோடு சமையலறைக்கே போய்விட்டாள். ஆங்கிலம் பாதி, அந்த மொழி பாதியாக உள்ளே பேச்சு நீண்டுகொண்டே போனது. சாப்பாடு ஆறிப்போனது. அந்தப் பெண் இன்றும் வாரம் தவறாமல் வருகிறாள்.

மனைவி படிப்பை முடித்து அங்கேயே ஒரு மருத்துவமனையில் சேர்ந்துவிட்டார். சென்ற மாதம் தங்கை அவர்களைப் பார்க்கப் போயிருந்தாள். ரயில் நிலையத்துக்கு மாஸ்டர்தான் எதிர்கொள்ளப் போனார். பயணச்சீட்டு பார்க்கிறவரிடம் கொழுந்தியாளை அறிமுகப்படுத்தி, அவளுடைய மருந்துக்கடையின் பெருமையைச் சொல்லி முடிப்பதற்குள் வீட்டுக்குப் போகிற ரயில் கிளம்பிவிட்டது. காத்திருந்து பார்த்த மனைவி இருவரையும் தேடிக்கொண்டு அங்கேயே வந்தார். வரும்போது ரொட்டி வாங்கி வந்திருந்தார். மூவரும் நடைமேடைப் பெஞ்சில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பயணச்சீட்டு பார்க்கிறவருக்கும் ஒரு துண்டு கொடுத்தார்கள்.