எண்பத்து நான்காம் நாள்

சுபத்ரா தோட்டத் தொழிலாளர்களின் லயத்து வீட்டில் பிறந்தவள். பள்ளியிறுதியான ஐந்தாம் படிவம் முடித்து, அதே தேயிலைத் தோட்டத்து ஆபீஸில் கணக்கெழுதும் கிராணியாகச் சேர்ந்து பத்தொன்பது வருஷம் ஆகிறது. விபத்துப் புத்தகம் அவள் பொறுப்பு. தொண்ணூறு நாள் யாருக்கும் காயம் படாவிட்டால் முப்பது குடும்பங்களுக்கும் பரிசுக்கூடை என்று தோட்டத்தை நடத்தும் துரை மூர்த்தி அறிவித்த பிறகு, ஒரு பலகையும் சேர்ந்துகொண்டது. காலையில் ஆட்கள் பேர் கொடுக்கப் பெரட்டுக்கு வந்து நிற்கும்போது அதில் நாளின் எண்ணை மாற்றி எழுதுவாள். இதுவரை மூன்று முறை கூடை கொடுத்தாயிற்று.

அன்று 84 என்று எழுதிவிட்டுத் திரும்பியவள் ரூபினியைக் கவனித்தாள். இரண்டு பேர் தூக்கிக் கொழுந்து வெட்டும் இயந்திரத்தின் ஒரு பக்கத்தைப் பிடிக்கிற பெண். குளிரிலும் அவள் நெற்றி வியர்த்திருந்தது. இடது கை மழைக்கோட்டுப் பைக்குள்ளேயே இருந்தது.

"கைய வெளிய எடு."

"ஒண்ணும் இல்லக்கா."

சுபத்ராவே பிடித்து இழுத்தாள். துணிச்சுற்று நனைந்து நாறியது. மோதிரவிரல் கறுத்திருந்தது. அங்கிருந்து முழங்கை வரை ஒரு சிவப்புக் கோடு ஏறியிருந்தது.

"எத்தன நாளாச்சு?"

"நாலு நாள். பிளேடு பட்டுருச்சு. இன்னும் ஆறு நாள்தானே லா, அக்கா? என்னால கூடை போச்சுன்னா லயத்துல யாரும் என் மூஞ்சில முழிக்க மாட்டாங்க."

கங்காணி தர்மேந்திரன் ஓடி வந்தார். அவருக்கு முன்பே தெரியும் என்பது முகத்தில் தெரிந்தது. "கிராணியம்மா, வீட்ல காய்கறி நறுக்கறப்ப பட்டதுன்னு சொல்லிடுவோம். புத்தகத்துல எழுதாதீங்க."

ரூபினியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேன் சாவி எடுக்க ஆபீஸுக்குள் போனவள், புத்தகத்தைத் திறந்து பக்கங்களைப் பின்னுக்குப் புரட்டினாள். ஒவ்வொரு கூடைக்குப் பிறகும் முதல் சில வாரங்களில் சிராய்ப்பு, அட்டைக்கடிப் புண், சுளுக்கு என்று நாலைந்து வரி. நாள் ஏற ஏற வரிகள் குறைந்தன. கடைசி மாதம் எப்போதும் வெற்றுத்தாள். அந்த வெற்றுத்தாள்களைப் பார்த்து அவள் பெருமைப்பட்டிருக்கிறாள். காயம் படாமல் இருக்க ஆட்கள் பழகிவிட்டார்கள் என்று நினைத்திருந்தாள். அவர்கள் பழகியது மறைப்பதற்கு. கூடை நெருங்க நெருங்க இன்னும் நன்றாக மறைத்தார்கள். கூடை நாள் நெருங்குவதை நினைவுபடுத்தித் தினமும் பலகையில் எழுதியது அவள்தான்.

ஆஸ்பத்திரி இருக்கும் தானா ராத்தாவுக்குப் போகும் வழியில், திரிங்காப் ஊரில் காய்கறி லோரிகள் பாதையை அடைத்து நின்றன. வேனில் ரூபினிக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டது. ஆஸ்பத்திரியில் டாக்டர் மலாயில் கேட்டார்: எதனால் வெட்டியது?

"வீட்டுக் கத்தி," என்றாள் ரூபினி.

முப்பது வீட்டுப் பிள்ளைகளும் கூடைக்குக் காத்திருக்கிறார்கள். "இல்ல டாக்டர், மெஷின் பிளேடு. தோட்டத்துல, வேலை செய்யறப்ப," என்றாள் சுபத்ரா.

ரூபினி அவளைப் பார்த்த பார்வையில் வலியைவிட வெறுப்பே அதிகம் இருந்தது.

கை பிழைத்தது. மோதிரவிரலை எடுத்துவிட்டார்கள்.

மறுநாள் காலை எல்லோருக்கும் முன்னால் சுபத்ரா 84ஐ அழித்துப் பூஜ்யம் எழுதினாள். கூட்டத்திலிருந்து யாரோ காறித் துப்பினார்கள். அவள் நேரே துரையின் அறைக்குப் போனாள்.

"சார், காயம் இல்லைன்னு காட்டறதுக்குப் பரிசு கொடுத்தோம். காயத்த மறைக்கப் பழகிட்டாங்க. இனிமே சொல்றவங்களுக்குக் கொடுப்போம். அடிபட்டா, மெஷின்ல கோளாறுன்னா, சொன்ன அன்னைக்கே."

"சும்மாவே வந்து சொல்ல ஆரம்பிச்சா?"

"சொல்லட்டும் சார். முதல்ல சொல்ற ஒவ்வொருத்தருக்கும் கொடுக்கணும். பழகினப்புறம் எப்ப கிடைக்கும்னு தெரியாதபடி அப்பப்ப கொடுத்தா போதும். சொல்ற பழக்கம் நின்னுடாது."

மூர்த்தி அரைமனதோடு ஒப்புக்கொண்டார்.

மூன்று வாரம் யாரும் வரவில்லை. சந்தையில் பெண்கள் அவளைக் கண்டதும் விலகிப் போனார்கள். நான்காவது வாரம் சீதா என்பவள் வந்து, இயந்திரத்தின் பிளேடு மூடி ஆடுகிறது என்று தயங்கித் தயங்கிச் சொன்னாள். சுபத்ரா அங்கேயே ஒரு பிஸ்கட் டின்னைக் கையில் கொடுத்தாள். மறுநாள் இரண்டு பேர் வந்தார்கள்.

நாலு மாதத்தில் புத்தகம் நிரம்பியது. டின் எல்லோருக்கும் கிடைக்காத நாட்களிலும் ஆட்கள் வந்து சொன்னார்கள். துரை முகம் சுளித்தார். "இத எப்படி மேல அனுப்பறது?"

"அனுப்புங்க சார். முன்ன அனுப்பினதுதான் பொய்."

ரூபினி இப்போது தொழிற்சாலையில் தூள் சலிக்கும் வேலையில் இருக்கிறாள். கொஞ்ச நாளாக, எதிரே பார்த்தால் "அக்கா" என்கிறாள். ஆஸ்பத்திரியில் நடந்ததைப் பற்றி இருவரும் இதுவரை பேசியதில்லை.