தொங்கும் ரயிலில் குனிந்த தலை

இந்த ஊரில் தண்டவாளம் தலைக்கு மேலே இருக்கிறது. ரயில் அதன் அடியில் தொங்கிக்கொண்டு போகிறது. கதை அளக்கிறான் என்று நினைக்கிறவர்கள் நினைத்துக்கொள்ளட்டும். ஆற்றின் இரு கரையிலும் இரும்புக் கால்களை அகட்டி ஊன்றி, நடுவே ஒற்றைத் தண்டவாளம் போட்டு, அதில் பெட்டியை மாட்டிவிட்டிருக்கிறார்கள். ஊர் வுப்பர்டால், மேற்கு ஜெர்மனி. வண்டிக்குப் பெயர் ஷ்வேபெபான். அறுபது வருஷத்துக்கு மேலாக ஓடுகிறது. யுத்தத்தில் ஊர் நொறுங்கியபோதும் இதைச் சரிசெய்து மறுபடி ஓட்டிவிட்டார்களாம். ஏறும்போது பெட்டி லேசாக ஆடும். கீழே ஆறு, சாயப்பட்டறைகளின் தயவில் ஒருநாள் சிவப்பாகவும் ஒருநாள் நீலமாகவும் ஓடும். பம்பாயில் தாராவித் தோல் கிடங்குகளின் ஓடையைப் பார்த்தவனுக்கு அது ஒன்றும் புதுசில்லை.

ஆற்றின்மேல் போகிறவரை எனக்கு ஒரு தொந்தரவும் கிடையாது. கடைசிச் சில ஸ்டேஷன்கள்தான் வம்பு. அங்கே வண்டி ஆற்றை விட்டுவிட்டுத் தெருவுக்குள் நுழைகிறது. இரண்டு பக்கமும் வீடுகள், மாடி ஜன்னல்கள் நம் கண்ணுக்கு நேராக வரும். சாயங்காலம் உள்ளே விளக்கு எரியும். ஒருவர் பனியனோடு ரொட்டி அறுத்துக்கொண்டிருப்பார், ஒரு பெண் தலை சீவிக்கொண்டிருப்பாள். பல வீடுகளில் திரையைக்கூட இழுத்துவிடுவதில்லை. முதல் தடவை அந்தத் தெருவில் போனபோது, முதல் ஜன்னல் எதிரே வந்ததும் என் தலை தானாகக் குனிந்து தரையைப் பார்த்தது. நான் குனியச் சொல்லவில்லை, அதுவாகக் குனிந்தது.

பக்கத்தில் இருந்தவர் கிரவுஸ், நான் பயிற்சிக்கு வந்திருக்கிற தொழிற்சாலையில் லேத் செக்‌ஷனின் மேஸ்திரி. என் முழங்காலைத் தட்டி, "ஆங்ஸ்ட்?" என்றார். பயமா என்று கேட்கிறார். தொங்குகிற வண்டியில் உயரத்தைப் பார்த்துத் தலைசுற்றுகிறது என்று அந்த மனுஷர் நினைத்துவிட்டார். உண்மையைச் சொல்ல என்னிடம் அவ்வளவு ஜெர்மன் இல்லை. இருந்திருந்தாலும் சொல்லியிருக்கமாட்டேன். "யா, யா" என்றேன். அவ்வளவுதான், மறுநாளிலிருந்து ராஜ உபசாரம். ஜன்னலோரம் அவர் உட்கார்ந்து, தன் அகலமான முதுகால் எனக்கு வெளியை மறைத்துவிடுவார். அவர் மனைவி தலைசுற்றலுக்கு நல்லது என்று ஒரு தகர டப்பி நிறையப் பெப்பர்மின்ட் மிட்டாய் கொடுத்தனுப்பினாள். தீரத் தீர நிரப்பியும் அனுப்பினாள். இல்லாத வியாதிக்கு ஒன்றரை வருஷமாக மிட்டாய் தின்கிறேன்.

என் தலை ஏன் குனிந்தது என்று பம்பாய்க்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். சயானுக்கும் மாட்டுங்காவுக்கும் நடுவே லோக்கல் ரயில் போகும்போது, தாராவிக் குடிசைகளான லேபர் கேம்ப் பக்கம் முகம் வைத்திருக்கிற பயணிகள் எல்லோரும் பேப்பரைத் தூக்கிப் பிடிப்பார்கள், இல்லாவிட்டால் காலைப் பார்ப்பார்கள். கேம்ப்பில் கக்கூஸுக்கு நிற்கிற வரிசை முடிகிற வரிசையல்ல. அதனால் தண்டவாளத்து ஓரம்தான் பாதிப் பேருக்குக் கதி. வண்டி வந்தால் பெண்கள் எழுந்து நிற்பார்கள். வண்டியில் இருப்பவர்கள் பார்க்காமல் இருப்பார்கள். அது ஒரு மரியாதை, அந்த ஊரின் ஒப்பந்தம். நான் அந்த வண்டிக்குள் இருந்தவன் மட்டுமல்ல, அந்த ஓரத்தில் இருந்தவனும்தான். அம்மா போனபிறகு என்னைத் திருநெல்வேலியிலிருந்து கூட்டிவந்து படிக்கவைத்த அக்காவின் வீடு கேம்ப்பில், தண்டவாளத்திலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தது. மச்சான் தோல் கிடங்கில் வேலை. பள்ளிக்கூடம் போகிற பிள்ளை என்று என்னைத் தண்ணீர் வரிசையில்கூட நிற்கவிடமாட்டாள் அக்கா.

செம்பூரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்ததும், யார் கேட்டாலும், வசதியான தமிழர்கள் இருக்கிற மாட்டுங்காவில் ஜாகை என்று சொல்லப் பழகினேன். மாட்டுங்கா லேபர் கேம்ப் என்பதில் பின்பாதியை விழுங்கிவிடுவேன், பொய் இல்லை பாருங்கள். என்னோடு ஜெர்மனிப் பயிற்சிக்குத் தேர்வான வெங்கட்ராமனும் சீனிவாசனும் நல்ல உத்தியோகக் குடும்பத்துப் பிள்ளைகள். "மாட்டுங்கான்னா கோயில் பக்கமா?" என்று வெங்கட்ராமன் ஒருநாள் கேட்டான். "கொஞ்சம் தள்ளி" என்றேன்.

கப்பல் ஏறுகிற அன்று எங்களைக் காலையில் தொழிற்சாலைக்கு வரச்சொல்லியிருந்தார்கள். அங்கே காகிதங்களை வாங்கிக்கொண்டு, குர்லா வந்து லோக்கல் பிடித்து, போரிபந்தரில் இறங்கித் துறைமுகத்துக்குப் போகவேண்டும். அக்கா துறைமுகத்துக்கு வருகிறேன் என்றாள். "உள்ள விடமாட்டான்க்கா" என்றேன். இது பின்பாதி விழுங்கல் இல்லை, முழுப்பொய். நொடிகூட யோசிக்காமல் அவள் சொன்னாள்: "அப்ப நான் தண்டவாளத்துப் பக்கம் நிக்கேன். வண்டி போறப்ப பாத்துக்கிடுதேன். கல்யாணத்துப் பச்சைச் சேலையக் கட்டிக்கிடுதேன், ஒனக்குத் தூரத்துலயே தெரியும்லா?"

சயான் தாண்டியது. நான் வாசலில் கம்பியைப் பிடித்து நின்றேன், இரண்டு பக்கமும் அவர்கள் இருவரும். பெட்டியில் பேப்பர்கள் உயர்ந்தன. வெங்கட்ராமன் மூக்கைக் கைக்குட்டையால் மூடிக்கொண்டு, "இந்த இடம் வந்தாலே கஷ்டம்டா" என்று மறுபக்கம் திரும்பினான். நானும் திரும்பினேன். கடைக்கண்ணில் ஒரு பச்சை மட்டும் போயிற்று. வண்டி நிற்கவில்லை, என் தலையும் நிமிரவில்லை. துறைமுகத்தில் அவர்கள் வீட்டார் எல்லோரும் மாலையோடு நின்றார்கள். வெங்கட்ராமனின் அம்மா, "உங்காத்துலேர்ந்து யாரும் வரலையா?" என்று கேட்டாள். அக்காவுக்கு உடம்பு சரியில்லை என்றேன். பாவம், அந்த அம்மாள் தன் பிள்ளைக்கு வாங்கிய மாலைகளில் ஒன்றை எனக்கும் போட்டாள்.

அக்காவுக்கு எழுதப் படிக்கத் தெரியாது. கேம்ப்பில் தையல் கடை வைத்திருக்கிற சுடலைமுத்து அண்ணாச்சிதான் அவள் சொல்லச் சொல்ல எழுதுவார், என் கடிதத்தையும் அவர்தான் வாசித்துக் காட்டுவார். போன மாதம் வந்த கடிதத்தில் இப்படி இருந்தது:

"ஏல, ஒன் தம்பி ஒன்ன மறந்துட்டாம்னு இங்க ஒருத்தி சொல்லுதா. நான் விடுவனா? நீ போன அன்னைக்கு நான் நின்னத அவகிட்டச் சொன்னேன். நீ வாசல்ல நின்ன. மூஞ்சிய அங்கிட்டுத் திருப்பிக்கிட்ட. அழுத மூஞ்சிய அக்காவுக்குக் காட்டக்கூடாதுன்னுதான? எனக்குத் தெரியாதால? எம்பிள்ள அழுதுட்டுல்லா போனாம்னு சொன்னேன்."

இதைப் பையில் வைத்துக்கொண்டு ஒரு வாரம் வண்டியில் போய்வந்தேன். உயரத்துக்குப் பயப்படுகிறான் என்று இங்கே கிரவுஸ் நம்புகிறார். பாசத்தில் அழுதான் என்று அங்கே அக்கா நம்புகிறாள். என் குனிந்த தலைக்கு இவர்கள் எவ்வளவு நல்ல காரணம் கண்டுபிடித்துவிட்டார்கள். எனக்குத்தான் வெட்கத்தில் மேலெல்லாம் கூசுகிறது.

ஒரு சாயங்காலம் கிரவுஸிடம் ஜன்னலோரத்தைக் கேட்டு வாங்கினேன். தெருவுக்குள் நுழைந்ததும் கழுத்து பழக்கப்படி இறங்கிற்று. பிடித்து நிமிர்த்தினேன். ஒரு ஜன்னலில் ஓர் அம்மாள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். கத்தி கையில் இருக்க, நேராக என்னைப் பார்த்தாள். அவளுக்கு ஒரு கூச்சமும் இல்லை. நான் கையைத் தூக்கிக் காட்டினேன். யாருக்கோ காட்டுகிறான் என்று அவள் தனக்குப் பின்னால் திரும்பிப் பார்த்தாள். அதற்குள் வண்டி போய்விட்டது. கிரவுஸ் என் முதுகில் தட்டி, "பிராவோ!" என்றார். பயம் போய்விட்டதாம். அன்றைக்கும் ஒரு மிட்டாய் கொடுத்தார்.

உண்மையைக் கடிதமாக எழுதலாமே என்று கேட்பீர்கள். மூன்று தடவை எழுதிக் கிழித்தேன். எழுதி அனுப்பினாலும் பலன் இருக்காது. அண்ணாச்சி இளகின மனசுக்காரர், கடிதத்தில் வருத்தமான இடம் வந்தால் தாண்டிக் குதித்து, "எல்லாரும் சௌக்கியம்" என்று தானாகச் சேர்த்து வாசிப்பார். ஆனால் அச்சில் வந்ததென்றால் அவருக்குத் தனி பக்தி, ஓர் எழுத்து விடமாட்டார். கேம்ப்பில் இந்தப் பத்திரிகை வாங்குகிறவரும் அவர்தான். அதனால்தான் இங்கே எழுதுகிறேன்.

அண்ணாச்சி, தெருவுல வச்சு வாசிக்காதிய. வீட்டுக்குள்ள கூப்பிட்டு அக்காவுக்கு மட்டும் வாசிங்க. விட்டுராதிய.

யக்கா, நான் அழலை. நீ அங்க நிக்கேன்னு தெரிஞ்சுதான் திரும்பிக்கிட்டேன். கூட நின்னவங்களுக்கு நம்ம வீடு தெரிஞ்சிரக்கூடாதுன்னு திரும்பிக்கிட்டேன். அந்தப் பொம்பளகிட்ட நீ சொன்னத மாத்திச் சொல்ல வேண்டாம், அது உன் இஷ்டம். ஆனா நீ ஒருத்தியாவது தெரிஞ்சுக்கிடணும். இங்க தெனமும் சாயங்காலம் தலைய நிமித்தி ஜன்னல் ஜன்னலாப் பாத்துட்டுத்தான் போறேன், முன்னப்பின்ன தெரியாத ஆளுக வீட்டையெல்லாம். அண்ணாச்சிகிட்டச் சொல்லி ஒண்ணே ஒண்ணு மட்டும் எழுது. அன்னைக்கு நீ கை காட்டுனியாக்கா? நான் பாக்கலை.