இரண்டாம் முறை பார்க்காத கண்

என் மச்சினனுக்கு வலது கையில் கட்டை விரல் மட்டும்தான் இருக்கிறது. மற்ற நாலும் தகடு வெட்டுகிற பவர் பிரஸ்ஸில் போய்விட்டன. ஆயுத பூஜை முடிந்த அடுத்த வாரம், பட்டப்பகலில், முதல் ஷிப்டில் நடந்தது. நானும் அதே கம்பெனியில்தான் மெயின்டனன்ஸ் எலக்ட்ரீஷியன். சத்தம் கேட்டு ஓடினேன். எனக்கு முன்னால் போனவர்கள் என்னைப் பார்த்ததும் ஒதுங்கி வழி விட்டார்கள். அவர்கள் விலகியதிலேயே அடிபட்டது யார் என்று தெரிந்துவிட்டது.

என் மனைவிக்கு அவன் ஒரே தம்பி. சிங்காரப்பேட்டைப் பக்கத்திலிருந்து ஓசூருக்குக் கூட்டி வந்து, எங்கள் வீட்டிலேயே தங்க வைத்து, எங்கள் கம்பெனியிலேயே சேர்த்துவிட்டவன் நான். இதை என் மனைவி எனக்கு ஞாபகப்படுத்த வேண்டியிருக்கவில்லை. ஆனாலும் ஞாபகப்படுத்தினாள்.

பிரஸ்ஸின் இரண்டு பக்கமும் கம்பம்போல் இரண்டு சென்சார் நிற்கும். நாங்கள் அதைக் கண்ணு என்போம். ஒரு கண்ணிலிருந்து இன்னொரு கண்ணுக்கு வெளிச்சம் ஓடிக்கொண்டே இருக்கும். நடுவில் கை போனால் வெளிச்சம் அறுந்து, பிரஸ் நிற்க வேண்டும். அன்று நிற்கவில்லை.

ஆயுத பூஜைக்கு எல்லா மிஷினுக்கும் பொட்டு வைப்பது எங்கள் கம்பெனியில் என் வேலை. யாரும் எனக்கு அதைக் கொடுக்கவில்லை, நானாக எடுத்துக்கொண்டது. விடியலில் குளித்து, சந்திரசூடேஸ்வரர் மலைக்குப் போய் வந்து, பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் சந்தனம் கரைப்பேன். மோட்டாருக்கு, பேனலுக்கு, பிரஸ்ஸின் நெற்றிக்கு, அந்தக் கண்ணுக்கு மேலேயும் ஒரு பொட்டு. கைகளைக் காக்கிற இடம், அதை விட்டுவிட எனக்கு மனசு வராது. அந்த வருஷம் சந்தனம் கொஞ்சம் தளர்வாகிவிட்டது. காய்ந்ததும் பிரஸ் அதிர அதிர, பொடியாக உதிர்ந்து கண்ணாடியில் படிந்தது. வெளிச்சம் மறைந்து, கையே போகாதபோதும் பிரஸ் நின்று நின்று போயிற்று. புரொடக்‌ஷன் விழுகிறது என்று சூப்பர்வைசர் கத்தினார். என் மச்சினன் வேஸ்ட் துணியை எடுத்துக் கண்ணைத் துடைத்துத் துடைத்து ஓட்டினான். அது கேமராவில் பதிவாகியிருந்தது.

அதை வைத்துத்தான் கம்பெனி அவன்மேல் குற்றம் எழுதியது. பாதுகாப்புக் கருவியில் கை வைத்து அதைக் கெடுத்துவிட்டான், தன் கையைத் தானே கெடுத்துக்கொண்டான். இதுதான் சாராம்சம். என்கொயரியில் அது நிரூபணம் ஆனால் டிஸ்மிஸ். மிஷின் தப்பு என்று ஆனால் கேட்டிலோ ஸ்டோரிலோ உட்கார்த்தி வைப்பார்கள். அவனுக்கு வேலைகூட இரண்டாவதுதான். கை போனது தன்னால் இல்லை என்று யாராவது ஒருவர் சொல்ல வேண்டும், அதைத்தான் கேட்டுக்கொண்டிருந்தான். என் மனைவி சொன்னது வேறு.

"சாமி கும்பிடறன் சாமி கும்பிடறன்னு எந்தம்பி கைக்கே பொட்டு வெச்சிட்டீங்க" என்றாள். கட்டுப் போட்ட கையோடு அவன் அங்கேயே உட்கார்ந்திருந்தான். வேண்டாங்கா என்று அவன் சொல்லவில்லை.

கண்ணாடி அழுக்கானால் பிரஸ் நிற்கும், ஓடாது. துடைத்தால் சரியாக வேலை செய்யும், கெடாது. இதை மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் கோபப்படுகிற ஆள் இல்லை. உட்காரச் சொல்லி, டீ வரவழைத்து, முழுவதையும் கேட்டார். பிறகு, அப்படியானால் ஏன் நிற்கவில்லை என்று கேட்டார். பார்த்துச் சொல்கிறேன் என்றேன். டீயைக் குடித்துவிட்டுப் போகச் சொன்னார்.

பிரஸ்ஸை ஓட்டுவதும் நிறுத்துவதும் ஒரு கன்ட்ரோல் போர்டு. ஸ்டோரில் அதேபோல் ஒரு ஸ்பேர் கிடந்தது. சாப்பாட்டு இடைவேளைகளில் அதை எடுத்துவைத்து, பிரஸ்ஸுக்குப் பதில் ஒரு பல்பை மாட்டிப் பார்த்தேன். பல்பு எரிந்தால் பஞ்ச் இறங்குகிறது என்று அர்த்தம். போர்டுக்கு எழுதிய புரோகிராம் கண்ணை இரண்டு முறை பார்க்கச் சொல்கிறது. பெடலை மிதித்ததும் ஒரு முறை, தகட்டை வெட்டுகிற பஞ்ச் இறங்குவதற்குச் சற்று முன்னால் இன்னொரு முறை. எழுதியது சரி. ஆனால் போர்டு ஒரு முறைதான் பார்த்தது. பெடல் மிதித்த பிறகு கண்ணுக்கு நடுவில் கையை விட்டாலும் பல்பு எரிந்தது. பல தடவை விட்டுப் பார்த்தேன். எரிந்துகொண்டேதான் இருந்தது.

தப்பு கம்பைலரில் இருந்தது. நாம் எழுதுகிற வரிகளை மிஷினுக்குப் புரிகிற வரிகளாக மாற்றித் தருகிற புரோகிராமுக்குத்தான் அந்தப் பெயர். மாற்றும்போது வீண் வேலை என்று படுவதை அது குறைத்துவிடும். இதைத்தான் முன்னாலேயே படித்தாயிற்றே, இடையில் புரோகிராம் எதையும் மாற்றவில்லையே, மறுபடி எதற்கு என்று அதுவே முடிவு செய்து, இரண்டாவது பார்வையை அழித்துவிட்டது. இடையில் ஒரு மனுஷன் கையை விடுவான் என்பது அதற்குத் தெரியாது.

அந்தக் கம்பைலர் எனக்குப் புதிதில்லை. அது ஓப்பன் சோர்ஸ். உள்ளே இருப்பதை யார் வேண்டுமானாலும் திறந்து பார்க்கலாம். தப்பு இருந்தால் திருத்தி அனுப்பலாம். நடத்துகிறவர்கள் பரிசோதித்துச் சரி என்றால் சேர்த்துக்கொள்வார்கள். நான் ஐ.டி.ஐ. படித்தவன். போனில் வீடியோ பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டு, முன்பு ஒரு சின்னத் திருத்தம் அனுப்பினேன், அதைச் சேர்த்துக்கொண்டார்கள். அன்று மலைக்குப் போய்த் தேங்காய் உடைத்தேன். கோயில் பிராகாரத்தில் உழவாரப் பணி செய்வதுபோல்தான் எனக்கு இருந்தது. புல் பிடுங்கியவன் யார் என்று சாமி கும்பிட வருகிறவர்கள் கேட்பதில்லை. கேட்காதவரைக்கும்தான் அது பணி. அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

பல்பைக் காட்ட மேனேஜரைக் கூட்டி வந்தேன். குனிந்து பார்த்தார்.

"நீங்க சொன்னா மச்சானுக்காகச் சொல்றீங்கம்பாங்க. அதைச் செஞ்சவங்க ஒத்துக்கிட்டாங்கன்னா கொண்டாங்க, என்கொயரில வெக்கிறன்" என்றார்.

நியாயமாகத்தான் பட்டது. போர்டு செய்து கொடுத்த வெண்டர் அதற்குள் போனை எடுப்பதை நிறுத்தியிருந்தார். ஆகவே கம்பைலரை நடத்துகிறவர்கள்தான் ஒத்துக்கொள்ள வேண்டும், அதுவும் என்கொயரிக்கு முன்னால்.

திருத்தத்தை எழுதி, கூடவே ஒரு விளக்கமும் எழுதினேன். எனக்குத் தெரிந்த இங்கிலீஷில், போனில் மொழிபெயர்த்து, உள்ளதை உள்ளபடி. பிரஸ், கண், என் மனைவியின் தம்பி, அவன் விரல்கள், வரப்போகிற என்கொயரி. கடவுள் உங்களுக்குத் துணையிருப்பார் என்று முடித்தேன்.

பதில் போட்டவர் எந்த நாடு என்று தெரியாது. அந்தப் பகுதிக்கு அவர்தான் பொறுப்பு. இந்தக் கம்பைலரை மனிதர்களைப் பாதுகாக்கிற இடத்தில் பயன்படுத்தக் கூடாது என்று முதல் பக்கத்திலேயே எழுதியிருக்கிறோம், அதைப் படிக்காமல் கை போகிற இடத்தில் வைத்தவர் யாரோ அவரை முதலில் அந்த இடத்திலிருந்து அகற்றுங்கள் என்று எழுதியிருந்தார். கைக்காக வருந்துகிறேன் என்று எதுவும் இல்லை. அதற்குக் கீழேயே, நீங்கள் அனுப்பிய திருத்தம் எல்லா புரோகிராமையும் மெதுவாக்கும், ஏற்க முடியாது என்று இருந்தது.

அவர் சொன்னது சரிதான். கண்ணுக்காக மட்டும் அடைக்க வேண்டிய இடத்தில், நான் எல்லாக் கதவையும் அடைத்து வைத்திருந்தேன். வெளி உலகத்திலிருந்து நேராகப் படிக்கிற இன்புட்டை மட்டும் தனியாகப் பிரித்து, அதைக் குறைக்கக் கூடாது என்று மறுபடி எழுதினேன். மறுபடி திருப்பி அனுப்பினார். திருத்தத்தோடு அனுப்பிய சோதனை பெரிதாக இருக்கிறது, சுருக்குங்கள் என்றார். சுருக்கினேன். அதையும் பார்த்துவிட்டுக் கடைசியாக ஒன்று கேட்டார். விளக்கத்தில் இருக்கிற விபத்தை எடுத்துவிடுங்கள், அது மாற்றத்துக்குச் சம்பந்தமில்லாதது என்று.

அது ஒரு ஞாயிற்றுக்கிழமை. என் மச்சினன் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். பிரஸ்ஸை எடுத்தேன். கண்ணை எடுத்தேன். அவனை எடுத்தேன். கடவுளையும் எடுத்தேன். கடைசியில் ஒரே வரி நின்றது. நேரடியாகப் படிக்கும் இன்புட்டின் இரண்டாவது வாசிப்பை நீக்கக் கூடாது.

"எங்கைய எடுத்துட்டீங்களா மாமா?"

"எடுத்தாதான் சேத்துக்குவாங்களாம் மாப்ள."

"அங்கயும் எடுத்துட்டாங்க" என்று சிரித்தான். சமையல்கட்டிலிருந்த என் மனைவி கரண்டியைக் கீழே வைத்தது கேட்டது. வெளியே வரவில்லை.

என்கொயரிக்கு முந்தின நாள் சேர்த்துக்கொண்டார்கள். அவர் வார்த்தை எதுவும் எழுதவில்லை. நிமிர்த்திய கட்டை விரல் படம் ஒன்று போட்டிருந்தார். நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். நான் போனை எடுத்துக்கொண்டுபோய் மச்சினனிடம் காட்டினேன். காட்டிய பிறகுதான் என்ன காட்டுகிறேன் என்று உறைத்தது. அவன் படத்தைப் பார்த்தான், தன் கையைத் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தான்.

"இது எங்கிட்டயும் இருக்குது. அவருக்கு அனுப்புங்க."

பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் பிரிண்ட் எடுத்து, சாமி படத்துக்கு முன்னால் வைத்து எடுத்துக்கொண்டு போனேன். என்கொயரி ஆபீசராக வந்தவர் கம்பெனி வைத்த வக்கீல். பக்கத்தில் மேனேஜர். எதிரில் என் மச்சினன், கையை மடியில் மறைத்துக்கொண்டு. என்னை சாட்சியாக நிற்க வைத்தார்கள்.

மேனேஜர் பிரிண்டை நிதானமாகப் படித்தார்.

"இதுல பிரஸ் எங்க இருக்குது? கை எங்க இருக்குது?"

முதலில் எழுதியிருந்தேன், எடுக்கச் சொன்னார்கள் என்றேன்.

"எடுத்தது யாரு?"

"நான்தான் சார்."

தலையாட்டினார். தன் மேஜையிலிருந்து வேறு சில தாள்களை எடுத்தார். கம்பைலர்காரர்களின் தளத்தில் எழுதுவதெல்லாம் உலகமே பார்க்கும்படி இருக்கும் என்பதை நான் யோசிக்கவே இல்லை. அந்த ஆள் எனக்கு முதலில் போட்ட பதிலை மேனேஜர் பிரிண்ட் எடுத்து வைத்திருந்தார். வரிக்கு வரி தமிழில் சொன்னார். கை போகிற இடத்தில் இதை வைக்கக் கூடாது. வைத்தவரை அகற்றுங்கள்.

"வெச்சது வெண்டரு. அவரப் புடிங்க. சந்தனம் வெச்சது நீங்க. தொடைச்சது உங்க மச்சான். இதுல கம்பெனி என்னா பண்ணிச்சி, நீங்களே சொல்லுங்க."

குரலை உயர்த்தவே இல்லை. பல்பு எரிந்ததைப் பார்த்தீர்களே சார் என்றேன். ஸ்டோரில் ஏதோ ஒரு பல்பு எரிந்ததைப் பார்த்தேன் என்றார். வக்கீல் அதை எழுதிக்கொண்டார்.

குற்றம் நிரூபணம் ஆகிவிட்டது என்று என் மச்சினனுக்குத் தபாலில் வந்தது. அதைப் பிரித்துக் கொடுத்தவள் என் மனைவிதான், ஒரு கையால் அவனால் பிரிக்க முடியாது.

"ஊர் ஒலகத்து கம்ப்யூட்டரு தப்பெல்லாம் திருத்தறீங்களே, இதக் கொஞ்சம் திருத்திக் குடுங்க" என்று அந்தத் தாளை என் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள். நான் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சாப்பிட்டு முடித்தேன்.

அதே வாரம் மேனேஜர் கூப்பிட்டார். அந்தத் திருத்தம் வந்த புதுக் கம்பைலர் நன்றாக வேலை செய்கிறதா என்று விசாரித்தார். செய்கிறது என்றேன்.

"அப்போ எல்லா பிரஸ்ஸுலயும் ஏத்திடுங்க. சேஃப்டி முக்கியம்."

புரோகிராமைப் புதுக் கம்பைலரில் மறுபடி மாற்றி எடுத்து எல்லாப் போர்டிலும் ஏற்றினேன். என் மச்சினன் நின்ற பிரஸ்ஸில் அப்போது ஒடிசாவிலிருந்து வந்த ஒருவர் நின்றார். என் பாஷை அவருக்குத் தெரியாது, அவர் பாஷை எனக்குத் தெரியாது. அவரைத் தள்ளி நிற்கச் சொல்லிக் கையைக் காட்டிவிட்டு, ஒரு விளக்குமாற்றுக் குச்சியை எடுத்துக்கொண்டேன். பெடலை மிதித்தேன். பஞ்ச் இறங்குவதற்குள் குச்சியை உள்ளே விட்டேன். பிரஸ் நின்றது. குச்சியை வெளியே இழுத்துப் பார்த்தேன், முழுசாக இருந்தது. அவர் சிரித்துக்கொண்டே என்னைக் கும்பிட்டார். நானும் கும்பிட்டேன். குச்சியை எங்கே போடுவது என்று தெரியாமல் கொஞ்ச நேரம் கையிலேயே வைத்திருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் மச்சினன் கேட்டது அதைத்தான்.

"நின்னுச்சா?"

"நின்னுச்சி மாப்ள."

"யாரோ ஒருத்தரு கையி" என்றான்.

இப்போது அவன் ராயக்கோட்டை மார்க்கெட்டில் தக்காளி மண்டியில் நிற்கிறான். வண்டியைக் கூப்பிட்டு நிறுத்துகிற வேலை, வாய் போதும். இன்னும் எங்கள் வீட்டில்தான் இருக்கிறான். கம்பெனியில் மிஷின்களுக்குச் சந்தனம் வைக்கக் கூடாது என்று உத்தரவு. அதற்குப் பதில் பட்டையும் பொட்டும் அச்சடித்த ஸ்டிக்கர் வாங்கிக் கொடுத்திருக்கிறார்கள். பிரஸ்ஸின் கண்ணுக்கு எட்டாத இடமாகப் பார்த்து நான்தான் ஒட்டுகிறேன்.

திருநீற்றை மூன்று விரலால் நெற்றியில் இழுக்க வேண்டும். அவனிடம் அந்த மூன்றும் இல்லை. இடது கையால் இட்டுக்கொள்ள மாட்டேன் என்கிறான். அதனால் காலையில் நான் தட்டோடு நிற்பேன். அவன் வந்து கண்ணை மூடி நெற்றியைக் காட்டுவான், வேறு எதற்கும் என் எதிரில் வந்து நிற்பதில்லை. இழுத்துவிட்டு, மூன்று கோடும் நேராக விழுந்திருக்கிறதா என்று இன்னொரு முறை உற்றுப் பார்ப்பது என் பழக்கம். போன வாரம் கண்ணைத் திறக்காமலே சொன்னான்.

"என்னாத்துக்கு மாமா ரெண்டாவது வாட்டி. மொத வாட்டி பாத்ததேதான் இருக்கப் போவுது."

தட்டை சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன். கம்பெனி பஸ் வருகிற நேரம் ஆகிவிட்டது, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பினேன்.