இல்லாத லாரி

போன வியாழக்கிழமை, கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலை. காலை பத்தரை மணி. லோடு ஏற்றிய லாரி கேட்டில் நிற்கிறது. கம்ப்யூட்டர் வெளியே விட மாட்டேன் என்கிறது.

"இன்னா சார் பேஜாரு இது? திருவள்ளூர் குடோன்ல சரக்க எறக்கிட்டு ஊட்டுக்குப் போவணும். மூணு மணிக்குக் கடம்பத்தூர்ல பொண்ணுக்கு நிச்சயம். எல்லாரும் வந்துகினு கீறாங்க!" என்றார் டிரைவர் முருகேசன்.

கம்ப்யூட்டரைப் பார்த்துக்கொள்பவன் நான்; பழி என் மேல்தான். காரணம், அன்று காலைதான் பழைய மிடில்வேரைத் தூக்கிவிட்டுப் புதியதைப் போட்டிருந்தேன்.

மிடில்வேரா? லாரியை நிறுக்கும் எடைமேடையில் ஒரு சாஃப்ட்வேர், ஆபீஸில் வேறொன்று. ஒன்று பேசுவது இன்னொன்றுக்குப் புரியாது. நடுவில் நின்று சேதி சொல்வதுதான் மிடில்வேர். ஒரு காலத்தில் சைக்கிளில் சீட்டு போனது. பிறகு கால் மணிக்கு ஒருமுறை ஃபைல் அனுப்பும் புரோகிராம் வந்தது. எழுதியது அடியேன்... பாதி சேதியைத் தொலைத்துவிடும். இப்போது கிளவுட். எதையும் தொலைக்காது.

பின் என்ன கோளாறு? திரையைப் பார்த்தேன். அதே நம்பரில் இரண்டு லாரி! ஒன்று லோடுடன் கேட்டில். இன்னொன்று காலியாக உள்ளே நிற்கிறதாம். நம்பர் ஒன்று, லாரி இரண்டு — எப்படி விடும்?

முருகேசனும் பின்னாலேயே வர, எடைமேடையில் உட்காரும் ஸ்டெல்லாவிடம் போய் எரிந்து விழுந்தேன். "காலி லாரியை எடை போட்டப்போ பட்டனை எத்தனை தடவை அழுத்தினீங்க?"

"ரெண்டு தபா சார். எப்பவும் அப்டித்தானே?"

"யார் சொன்னது?"

"நீங்கதான் சார். மொத தபா போவாது, இன்னொரு தபா அமுக்குன்னு சொன்னீங்களே... பத்து வருஷமா அமுக்கிகினு கீறேன்."

புதியது இரண்டு சேதியையும் கொண்டு சேர்த்திருக்கிறது. வெட்கமாக இருந்தது. என் ஓட்டை புரோகிராம் போய்விட்டது. அதற்காக நான் பழக்கிய விரல் போகவில்லை.

இல்லாத லாரியை அழிக்கலாம் என்றால், அதற்குத் தலைமை அலுவலகத்தில் மூன்று பேர் சம்மதிக்க வேண்டும். ஒருவர் மீட்டிங்கில். ஒருவர் போனை எடுக்கவில்லை. நான் கேட்டுக்கும் எடைமேடைக்கும் நடையாய் நடந்தேன். முருகேசன் என்னைப் பார்ப்பதையே நிறுத்திவிட்டார். அதுதான் தாங்கவில்லை.

ஒருவழியாக மூவரும் சம்மதிக்க, பதினொன்றே முக்காலுக்கு லாரி கிளம்பியது. எனக்குச் சோறு இறங்கவில்லை. மூன்று மணிக்கு முருகேசனுக்கு போன் போட்டேன். "போய்ச் சேர்ந்துட்டீங்களா?"

"இப்பதான் சார், தட்டு மாத்தினு கீறாங்க."

அப்பாடா! வைத்தேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, மறுபடி அடித்தேன்.

"இன்னா சார், நீங்களும் ரெண்டு தபாவா?"