செம்மணல் மேட்டில் யாஸியா

பாலைவனத்து லஹ்பாப் சாலையோரத்து வன்னி மரத்தில் கல்ஃபான் வண்டியைக் கொண்டுபோய் மோதியபோது உள்ளே சுற்றுலாப் பயணிகள் இருந்தார்கள். யாருக்கும் அடியில்லை. முன்பக்கம் நசுங்கி, ஒரு விளக்கு உடைந்ததோடு போயிற்று. "வெயில் நேரா கண்ணுல அடிச்சிருச்சு" என்று கல்ஃபான் சொன்னான். எல்லாரும் நம்பினார்கள். அவன் மனைவி யாஸியா மட்டும் நம்பவில்லை. சாயங்காலம் அந்தச் சாலையில் பயணிகளோடு கிழக்கே கூடாரத்துக்குப் போகிறவனுக்கு வெயில் முதுகில்தான் அடிக்கும்.

மறுநாளே பிடிவாதமாக அவனைத் துபாய்க்கு இழுத்துப்போனாள். கண் மருத்துவர் சுற்றி வளைக்கவில்லை. சர்க்கரை கண்ணின் உள்திரையைத் தின்றுவிட்டது, மிச்சம் இருப்பதைக் காப்பாற்றப் பார்க்கலாம், ஆனால் இனி வண்டி ஓட்டக்கூடாது என்றார். திரும்பி வரும்போது யாஸியா ஓட்டினாள்.

மணலில் வண்டி ஓட்டுவதில் அந்த வட்டாரத்தில் அவனை மிஞ்ச ஆளில்லை என்று பேர் வாங்கியவன். நகரத்து ஓட்டல்களிலிருந்து வெளிநாட்டாரை ஏற்றிவந்து, செம்மணல் மேடுகளில் ஏற்றி இறக்கி அலறவிட்டு, சூரியன் சாயும் நேரத்துக்குத் தன் கூடாரத்தில் கொண்டுவந்து உட்காரவைத்து, சுட்ட ஆட்டிறைச்சியும் காவா என்கிற அரபுக் காப்பியும் கொடுத்து அனுப்புவான். இரண்டு லேண்ட் குரூசர். ஒன்றை அவன் ஓட்டினான். இன்னொன்றை கல் ஜமான் என்கிற பட்டாணியன் ஓட்டினான். இப்போது ஒரு வண்டி, பழுதுபார்த்தும் ஓட்ட ஆளில்லாமல், கொட்டகையில் தூசி படிந்து நின்றது.

வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்து கல்ஃபானின் தம்பி முஸப்பஹ் வந்தான். நகரத்தில் பெரிய சஃபாரி நிறுவனம் வைத்திருப்பவன். கால்மேல் கால் போட்டு உட்கார்ந்து பேரீச்சம்பழத்தை மென்றபடி அண்ணனிடம் சொன்னான்.

"காக்கா, ரெண்டு வண்டியையும் கூடாரத்தையும் என்கிட்ட விட்டுடுங்க. நான் பாத்துக்கிறேன். நீங்க ஓய்வா இருங்க."

கல்ஃபான் தலையைக் குனிந்துகொண்டு, "பாக்கலாம்" என்றான். அது 'சரி' என்பதற்குப் பக்கத்து வீடு.

காவாவை ஊற்றிக்கொண்டிருந்த யாஸியா குவளையைக் கீழே வைத்தாள். "எதுக்கு விடணும்? அந்த வண்டியை நான் ஓட்டுறேன்."

முஸப்பஹ் சிரித்த சிரிப்பில் பேரீச்சங்கொட்டை தொண்டையில் சிக்கிக்கொள்ளப் பார்த்தது. "மதினி! சூப்பர் மார்க்கெட் வாசல்ல ரிவர்ஸ் எடுக்கவே நாலு பேரு கைகாட்டணும் உங்களுக்கு. மணல்ல ஓட்டப்போறீங்களா?"

"கைகாட்டுறதுக்கு நீ வா."

"வர்றேன். கயிறும் கொண்டாறேன், கட்டி இழுக்க."

கல்ஃபான் சிரிக்கவில்லை. ஆனால் தடுக்கவும் இல்லை. அதுதான் யாஸியாவுக்கு உறைத்தது. அவள் சொன்னதை அவன் பேச்சாகக்கூட எடுத்துக்கொள்ளவில்லை.

நாற்பதைத் தாண்டியவள், நான்கு பிள்ளைகளின் தாய். மூத்தவன் சுஹைல் கல்லூரிக்குப் போய்விட்டான். தார்ச்சாலையில் ஓட்டத் தெரியும். மணலில் இறங்கியதில்லை. பயணிகளை ஏற்றிப் போகத் தனி அனுமதி வேண்டும், அதற்குத் தேர்வு உண்டு. கற்றுக்கொடுக்கச் சொல்லி முதலில் கல் ஜமானிடம்தான் கேட்டாள். அவன் ஐயோ வேண்டாம் என்பதுபோலக் காதைத் தொட்டுக்கொண்டான்.

"அக்கா, கழுத்தை அறுத்துக்கன்னு சொல்லுங்க, அறுத்துக்கிறேன். மொதலாளி பொண்டாட்டியைத் தனியா பாலைவனத்துக்குக் கூட்டிட்டுப் போனா, ஊரு என்னைப் பத்தி என்ன பேசும்?"

வேறு வழியில்லாமல் கல்ஃபானையே பிடித்து பக்கத்து இருக்கையில் ஏற்றினாள். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு, காலைப் பனியில் மணல் இறுகியிருக்கும்போதே கிளம்பிவிடுவார்கள். மேல் அங்கியை இடுப்பில் சுருட்டிக் கட்டி, உள்ளே கால்சட்டையும் மகனின் பழைய பூட்ஸும் போட்டுக்கொள்வாள். புதையாமலிருக்க டயர்களில் காற்றைப் பாதிக்கும் கீழே இறக்கிவிட்டு மணலில் இறங்குவாள்.

கல்ஃபான் நல்ல ஓட்டுநர்தான். வாத்தியார் வேலைக்கு மட்டும் லாயக்கில்லாதவன்.

"மிதி! மிதிங்கிறேன்ல! என்ன, எறும்பு நசுங்கிரும்னு பயப்படுறியா?"

"மிதிக்கிறேன், கத்தாதீங்க."

"இப்ப எதுக்கு மிதிக்கிறே? விடு! ஐயோ, கழுதையே, இப்ப விடணும்டி!"

மூன்றாம் நாள் யாஸியா ஒரு மேட்டின் அடியில் வண்டியை நிறுத்தி, சுற்றிவந்து அவன் பக்கத்துக் கதவைத் திறந்தாள். "எறங்குங்க."

"என்ன?"

"கழுதை ஓட்டுற வண்டியில நீங்க எதுக்கு? எறங்குங்க."

வேடிக்கை என்று நினைத்து இறங்கினான். அவள் கதவை அடைத்துவிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள். கோபத்தில் ஒரு மேடு ஏறினாள், இறங்கினாள், இன்னொன்று ஏறினாள். திட்ட ஆளில்லாததால் வண்டி சொன்னபடி கேட்பது போலிருந்தது. மனம் ஆறியபின் திரும்பி வந்தாள்.

கல்ஃபான் மணலில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தான். அவள் வந்து நின்ற பக்கம் அவன் பார்க்கவில்லை. எஞ்சின் சத்தம் எதிரொலித்த திசையில், யாருமில்லாத சரிவைப் பார்த்தபடி பேசினான்.

"கேட்டுக்கிட்டுத்தான் இருந்தேன். ரெண்டாவது மேட்டுல கியரைக் குறைக்கலை நீ. எஞ்சின் அழுதுச்சு."

அவனுக்கு மங்கலாகத் தெரிகிறது என்றுதான் யாஸியா அதுவரை நினைத்திருந்தாள். பட்டப்பகலில், பத்தடி தூரத்தில் நிற்கிற வெள்ளை வண்டியே தெரியவில்லை. விபத்துக்குப் பிறகு மிச்சமிருந்த பார்வையும் போய்க்கொண்டிருந்திருக்கிறது. வீட்டுக்குள் தட்டுத் தடுமாறாமல் நடந்தது பழக்கத்தால். அதை ஒருவருக்கும் காட்டாமல் இருந்திருக்கிறான்.

"இந்தப் பக்கம் நிக்கிறேன், சுஹைல் வாப்பா" என்றாள் மெதுவாக.

அவன் முகத்தைத் திருப்பினான். வெகுநேரம் மணலை அள்ளி அள்ளி விரல் வழியே விட்டான். "முஸப்பஹுக்குச் சொல்லாதே" என்றான் கடைசியில்.

"சொல்ல மாட்டேன். நீங்க கத்தக்கூடாது."

"எப்பவாவது கத்துவேன்."

"எப்பவாவதுன்னா சரி."

அன்றிலிருந்து அவன் கண்ணை மூடிக்கொண்டே உட்கார்ந்தான். எஞ்சின் சத்தத்தையும் இருக்கையின் ஆட்டத்தையும் வைத்துப் பேசினான். அவள் எதிரே என்ன தெரிகிறது என்று சொல்ல, அவன் எப்படி ஏறவேண்டும் என்று சொல்ல, இரண்டு பேரும் சேர்ந்து ஒரு ஓட்டுநர் ஆனார்கள். சண்டையும் நடந்தது. முன்பு ஒருவர்தான் கத்துவார், இப்போது இருவரும் கத்தினார்கள்.

முதல் தேர்வில் தோற்றாள். செங்குத்தான சரிவில் இறங்கும்போது வண்டியின் பின்பக்கம் பக்கவாட்டில் வழுக்கியது. அப்படி வழுக்கும்போது விழப்போகிற பக்கமே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். தெரிந்த பாடம்தான். ஆனால் பயம் வந்தால் கை மேட்டுப்பக்கம்தான் போகிறது. தேர்வாளர் எட்டி ஸ்டீயரிங்கைப் பிடித்துத் திருப்பிவிட்டார். "இன்னும் கொஞ்சம் விட்டிருந்தா உருண்டிருப்போம், தாயே" என்றார். அவர் முகம் வெளுத்திருந்தது.

செய்தி அவளுக்கு முன்னால் முஸப்பஹ் வீட்டுக்குப் போய்விட்டது. போனில் வந்தான். "மதினி, கயிறு வாங்கி வச்சிருக்கேன், வீணாப் போகுதே."

"பத்திரமா வை. உன் பசங்களுக்கு ஊஞ்சல் கட்ட ஆகும்."

போனை வைத்தபின் அடுப்படியில் நின்று அழுதாள். மறுநாள் அதே மாதிரி ஒரு சரிவைத் தேடிப் பிடித்தாள். வேண்டுமென்றே வண்டியை வழுக்கவிட்டாள். வழுக்கியதும் பள்ளத்தைப் பார்த்துத் திருப்பினாள். மறுபடி ஏறினாள். அந்தக் குளிர்காலம் முழுவதும் காலைநேரம் அந்தச் சரிவில்தான் கழிந்தது. வழுக்குகிற நேரத்தில் கை தானாகவே கீழ்ப்பக்கம் போகத் தொடங்கியபோது, அடுத்த தேர்வுக்குப் பெயர் கொடுத்தாள். தேறினாள். அதே தேர்வாளர்தான். இம்முறை அவர் இருக்கையை விட்டு அசையவில்லை, வாயையும் திறக்கவில்லை.

முதல் பயணத்தன்று, வானளாவிய கட்டடங்களுக்கு நடுவே ஒரு ஓட்டல் வாசலில் வண்டியை நிறுத்தினாள். காவலாளி ஓடிவந்தான்.

"மேடம், இது சஃபாரி வண்டி நிக்கிற இடம். உங்க டிரைவர் எங்கே?"

"உன் முன்னாலதான் நிக்கிறேன்."

அவன் வண்டிக்குள் எட்டிப் பார்த்து, பின்பக்கமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தான்.

பயணிகள் போலந்து நாட்டார். அகன்ற தொப்பி வைத்த கணவர், மெலிந்த மனைவி, கல்லூரி வயது மகள். கணவர் யாஸியாவைப் பார்த்தார், பின்னால் நின்ற இன்னொரு வண்டியின் கல் ஜமானைப் பார்த்தார். அனுபவமுள்ள ஓட்டுநரைத்தான் தாங்கள் கேட்டதாக ஆங்கிலத்தில் சொன்னார். கல் ஜமான் கையைப் பிசைந்துகொண்டு யாஸியாவிடம் வந்தான். "அக்கா, மாத்திக்கலாமா? இன்னைக்கு ஒரு நாளைக்கு?"

"மாத்த வேண்டாம். யாருக்கு உன் வண்டியில வரணுமோ ஏறட்டும். என் வண்டி காலியாப் போனாலும் நான் ஓட்டிட்டுத்தான் போவேன்."

கணவர் கல் ஜமானின் வண்டியில் ஏறினார். மனைவியும் மகளும் அவரைப் பார்த்தார்கள், பிறகு யாஸியாவின் வண்டியில் ஏறினார்கள். மகள் முன்னிருக்கையில் உட்கார்ந்து பெல்ட்டை மாட்டிக்கொண்டு, "போகலாம்" என்று கை காட்டினாள்.

முதல் சில மேடுகள் நன்றாகவே போயின. ஒரு சரிவில் வண்டி பக்கவாட்டில் சறுக்கியபோது பின்னால் தாய் போலிஷ் மொழியில் கடவுளைக் கூப்பிட்டாள். முன்னால் மகள் இன்னொரு தரம் என்றாள். யாஸியாவுக்கு உற்சாகம் வந்தது. பெரிய மேட்டைப் பார்த்து வண்டியை விட்டாள். முகட்டை எட்டும் கணத்தில், அந்தப் பக்கம் வெறும் வானம் தெரிந்ததும், கால் தன்னையறியாமல் தளர்ந்துவிட்டது. வண்டி வயிற்றை முகட்டில் வைத்துப் படுத்துக்கொண்டது. முன்சக்கரம் ஒரு பக்கம், பின்சக்கரம் ஒரு பக்கம், நான்கும் காற்றில் சுழன்றன.

இறங்கி மண்வெட்டியால் அள்ளினாள். தாயும் மகளும் கையாலேயே அள்ளினார்கள். அள்ள அள்ள மணல் மேலிருந்து சரிந்து வந்தது. அந்த நேரம் பார்த்துத்தான் முஸப்பஹின் வண்டிகள் வரிசையாக அவ்வழியே போயின. கடைசி வண்டிக்காரன் வேகத்தைக் குறைத்து, சாவகாசமாகக் கைபேசியில் படம் பிடித்துக்கொண்டு போனான். அது இன்றிரவே எங்கெங்கே போகும் என்று யாஸியாவுக்குத் தெரியாதா?

கல் ஜமான் கீழே வந்து நின்று கயிற்றைத் தூக்கிக் காட்டினான். அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள். பிறகு, "கட்டு" என்றாள்.

கயிறு இழுத்தது, வண்டி பின்னோக்கி இறங்கி அடிவாரத்தில் நின்றது. தொப்பிக்காரர் தன் மனைவியிடம் வந்து, கல் ஜமானின் வண்டிக்கு வந்துவிடு என்று தங்கள் மொழியில் அழைத்திருக்க வேண்டும். அந்தம்மா தலையை ஆட்டி மறுத்தாள். முழங்கை வரை செம்மணலோடு திரும்ப வந்து பின்னிருக்கையில் உட்கார்ந்தாள்.

யாஸியா அவர்களிடம் மேட்டைக் காட்டினாள். "இதே மேடு. மறுபடி ஏறப்போறேன். சம்மதமா?" என்று தனக்குத் தெரிந்த ஆங்கிலத்தில் கேட்டாள்.

மகள் தாயைப் பார்த்தாள். தாய் இருக்கையின் கைப்பிடியை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டு, சரி என்பதுபோலக் கண்ணை மூடித் திறந்தாள்.

வண்டியைப் பின்னுக்கு எடுத்து, ஓட்டம் பிடித்து ஏறினாள். வானம் தெரிந்தது. பாதம் தளரப் பார்த்தது. அவள் விடவில்லை. முகடு வண்டிக்குக் கீழே புகுந்து வெளியேறியது. மறுபக்கச் சரிவில் மணல் இரைந்துகொண்டு கூடவே இறங்கியது. யாரும் கைதட்டவில்லை. மூன்று பெண்களும் மூச்சு வாங்கினார்கள், அவ்வளவுதான். திரும்பும்போது தொப்பிக்காரர் யாஸியாவின் வண்டிக்கே வந்து, பின்னிருக்கையில் மனைவியின் தோளில் சாய்ந்து நகரம் வரை தூங்கிக்கொண்டே வந்தார்.

படம் அவள் நினைத்தபடியே ஊரைச் சுற்றியது. அடுத்த வாரம் ஒரு கல்யாண வீட்டில், பெண்கள் பகுதியில் அவள் நுழைந்ததும் பேச்சு நின்றது. ஒருத்தி கைபேசியை மடியில் மறைத்தாள். யாஸியா போய் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து, "மறைக்காதே, காட்டு. நான் இன்னும் பாக்கலை" என்றாள். பார்த்தாள். வண்டி முகட்டில், கல்மேல் தூக்கிவைத்த ஆமையைப் போலக் கிடந்தது. அவளுக்கே சிரிப்பு வந்துவிட்டது. "இதுக்கப்புறம் நடந்ததை அந்தப் பய எடுக்கலை" என்று ஆரம்பித்து, கையால் முகட்டைக் காட்டி, வாயால் எஞ்சின் சத்தம் எழுப்பி முழுக்கதையையும் சொன்னாள். பிரியாணித் தட்டு ஆறிப்போகிறது என்று யாரோ கத்தும்வரை பெண்கள் எழுந்திருக்கவில்லை.

கடைசியில் ஒருத்தி மெல்லக் கேட்டாள்: "எங்களைக் கூட்டிட்டுப் போவியா? ஆம்பளை ஓட்டினா வாயைத் திறந்து கத்தக்கூட முடியலை."

அந்தப் பெண்கள் மணலை ஒட்டியே பிறந்து வளர்ந்தவர்கள். வாரம் ஒரு முறை அதைக் கடந்து போகிறவர்கள். முக்காடு நழுவினால் சரிசெய்யும் கவலையில்லாமல், தொண்டை கிழியக் கத்திக்கொண்டு அதில் ஏறி இறங்கியதில்லை. யாஸியா செவ்வாய்க்கிழமைகளைப் பெண்களுக்கென்றே ஒதுக்கினாள். மாணவிகள் வந்தார்கள், மாமியார்கள் வந்தார்கள். கல்ஃபான் கூடாரத்தில் காவா காய்ச்சிக்கொண்டிருப்பான். வெளிநாட்டார் வரும் நாட்களில் அவர்களுக்குக் கதை சொல்வான். வண்டி தூரத்தில் வரும்போதே இரைச்சலைக் கேட்டு, "அவ வண்டியில முன்னாடி இடதுபக்க டயர்ல காத்து கம்மி" என்பான். சிலசமயம் சரியாக இருக்கும். பலசமயம் தப்பாக இருக்கும். தப்பாக இருந்தால் ஒத்துக்கொள்ள மாட்டான்.

ஒரு செவ்வாய்க்கிழமை முஸப்பஹின் மனைவி கௌஸா வந்து முன்னிருக்கையில் ஏறினாள். ஒரு மேட்டின் தட்டையான முகட்டில் அவள் கைபேசி அடிக்க, யாஸியா வண்டியை நிறுத்தினாள். கௌஸா அதை ஒலிபெருக்கியில் போட்டாள்.

"எங்கே இருக்கே?" என்றான் முஸப்பஹ்.

"உங்க மதினி வண்டியில."

"எறங்கு. நான் ஆள் அனுப்பிக் கூட்டிட்டு வரச் சொல்றேன்."

"எப்படி எறங்குறது? நாங்க முகட்டு மேல இருக்கோம்" என்று சொல்லிவிட்டு கௌஸா கைபேசியைப் பைக்குள் போட்டாள். பிறகு யாஸியாவின் பக்கம் திரும்பி, "நிறுத்திட்டியே ஏன்? விடு" என்றாள்.

யாஸியா கியரைக் குறைத்து மிதித்தாள்.